போயிலின் விதி பிழைத்த நாளும் கலந்தர் மாஸ்ரரும்

ஆலடிவெட்டை மகா வித்தியாலயத்தில் பௌதிகம் கற்பித்து இன்று ஓய்வுபெறும் ஜனாப் முகம்மது கலந்தர் அவர்களுக்கு, அவரோடு ஒரே மணியோசைக்கு எழுந்தும் இருந்தும் பழகிய ஆசிரியர்கள் அன்போடு வாசித்தளிப்பது:

அன்பிற் குறையாத ஆசானே! அளவிற் பிசகாத அண்ணலே! கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, கைகட்டி நிற்கவைத்துக் கணக்குச் சொல்லவைத்த கல்விக் காவலரே! முல்லைத்தீவுக் கடற்கரையிற் பிறந்து, முதிரையும் பாலையும் நெருங்கிய காட்டு வழியே சைக்கிள் மிதித்து வந்து, மூலைக் கிராமமென்று முகஞ்சுளியாது, முழு உழைப்பையும் எம் பிள்ளைகளுக்கே ஈந்த முதல்வரே!

விளி இவ்வளவோடு போதும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எழுந்து போகப் போகிறார் என்று பொருள். இது எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

மடல் எழுதப் போகிறோம் என்ற கதை காதில் விழுந்த அன்றே அவர் ஆசிரியர் அறைக்கு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே ஒரு நிபந்தனை போட்டார்.

“மடல் எண்டால் கூட்டித்தான் எழுதுவியள். குறைச்சு எழுதின மடலை நான் இன்னும் காணேல்லை. எல்லா வாசிப்பும் ஒரே பக்கமாய்க் கூடிப்போனால் அதுக்கொரு காரணம் இருக்கவேணும். அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கோ.”

காரணம் எங்கள் அன்பு. எழுதிவிட்டோம். இனி அவரை முன்னால் இருத்திக்கொண்டு ‘நீங்கள் இப்படி, நீங்கள் அப்படி’ என்று அடுக்கினால் மனிதர் நெளிவார். ஆகவே வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல, சபையோருக்கு அவர் கதையைச் சொல்லிவிடுகிறோம். அவரும் வேறு யாருடையதோ என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். மடலெழுதும் வேலையைத் தமிழ் வாத்தியாரிடம் ஒப்படைத்தால் அது கொஞ்சம் நீளத்தான் செய்யும். சபையோர் பொறுத்தருள வேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் இங்கே வந்தபோது எங்கள் வித்தியாலயம் கிடுகு வேய்ந்த இரண்டு கொட்டில்கள். குளத்தைத் திருத்தி, காட்டை வெட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து காணியில்லாத குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய காலம் அது. பிள்ளைகள் காலையில் வயலில் கிளி விரட்டிவிட்டு வருவார்கள். காலில் சேறு காய்ந்திருக்கும். கலந்தர் மாஸ்ரரின் தகப்பனார் முல்லைத்தீவில் புடைவைக்கடை வைத்திருந்தவர். மகன் கடையில் இருந்து முழம் போடுவான் என்று நம்பியிருந்தார். மகனோ விஞ்ஞானம் படித்துவிட்டு, மின்சாரமும் இல்லாத இடத்துக்கு வந்து, காற்றுக்கு முழம் போடத் தொடங்கினார். தகப்பனார் கடைசி வரை அதை முழுதாக மன்னிக்கவில்லை என்று கேள்வி.

அவருடைய விஞ்ஞானகூடம் அந்நாளில் ஒரே ஒரு அலுமாரி. அதற்குள் இருந்த பெருஞ்செல்வம் போயிலின் விதியைச் செய்து காட்டும் கருவி. ஒரு பக்கம் மேல்முனை மூடிய கண்ணாடிக் குழாய், மறுபக்கம் திறந்த குழாய், இரண்டையும் இணைக்கும் இறப்பர்க் குழாய், பின்னால் அளவுகோல் பொருத்திய பலகை. இரசம், அதாவது பாதரசம், தனியாக ஒரு தடித்த போத்தலில் இருக்கும். மூடிய குழாயில் கொஞ்சம் வளி அடைபட்டிருக்க, இரசத்தை ஊற்றி, திறந்த குழாயை உயர்த்தினால் வளி அமுங்கும், அதன் கனவளவு குறையும். அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கிப் பார்த்தால், வெப்பநிலை மாறாதவரைக்கும் பெருக்கம் ஒன்றாகவே இருக்கும். இதுதான் போயிலின் விதி. சொல்வது இலேசு.

செய்து பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும். கண்ணை இரசத்தின் மட்டத்துக்குக் கொண்டுவராமல் மேலேயிருந்து பார்த்தால் வாசிப்புக் குறையும். கீழேயிருந்து பார்த்தால் கூடும். அமுக்கிய உடனே வாசித்தால் வளி சூடேறி நிற்கும். வெயிலில் தகரக்கூரை கொதித்தால் அதற்கும் சூடு. இறப்பர் எங்கேயாவது கசிந்தால் எல்லாமே போச்சு. இவற்றையெல்லாம் எங்கள் மாஸ்ரர் இரண்டு கூட்டமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்.

“ஒருக்கால் கூடி ஒருக்கால் குறைஞ்சு, கண்டபாட்டுக்கு ஆடுறது மனிசன்ரை பிழை. அதைப் பலதரம் அளந்து ஆத்திப்போடலாம். ஒரே பக்கமாய் இழுக்கிற வழுவுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான். அவனைத் தேடிப் பிடிக்கவேணும்.”

பரிசோதனைக் கொப்பிகளை அவர் திருத்தும் விதமே தனி. மற்ற வாத்திமார் பிழையான விடைக்குச் சிவப்பு மையால் கோடு போடுவோம். அவர் மிகச் சரியான விடைக்குப் போடுவார். “கணக்கு வடிவாய் வந்திருக்கு. எப்பிடி வந்தது?” என்று அவர் மெல்லக் கேட்டால், புத்தகத்தைப் பார்த்துப் பெருக்கத்தைச் சரிக்கட்டிய பிள்ளைக்கு வியர்க்கும். அளந்தது அழகாக இல்லாவிட்டாலும் அளந்ததையே எழுத வேண்டும், ஏன் அழகாக வரவில்லை என்பதைக் கீழே எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்துக்கு அவரே கட்டுப்பட்டுக் காட்ட வேண்டிய நாள் ஒன்று வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறோம்.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பல்கலைக்கழகப் புகுமுக விஞ்ஞான வகுப்புத் தொடங்க வேண்டுமென்று அந்நாள் அதிபர் தில்லைநாதன் அவர்கள் விண்ணப்பித்திருந்தார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி நேரில் வந்து, பிள்ளைகள் பரிசோதனை செய்வதைப் பார்த்து, திருப்தியானால் மட்டுமே அனுமதி. அனுமதி கிடைக்காவிட்டால் மேலே விஞ்ஞானம் படிக்க விரும்புகிறவர்கள் யாழ்ப்பாணம் போய் விடுதியில் நின்று படிக்க வேண்டும். ஆண்பிள்ளைகளில் ஓரிருவர் எப்படியாவது போவார்கள். பெண்பிள்ளைகளின் படிப்பு அத்தோடு சரி.

அந்த ஆண்டு வகுப்பிலே கெட்டிக்காரி ஜெகதீஸ்வரி. வாய்க்கால் கரையோரம் வயல் செய்யும் இளையதம்பியின் மூத்த மகள். இளையதம்பி நல்ல மனிதர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். கலந்தர் மாஸ்ரர் அவருடைய படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய்க் கதைத்தும் பார்த்தார்.

“இஞ்சை வகுப்பு வந்தால் படிக்கட்டும், மாஸ்ரர். நான் மறிக்கேல்லை,” என்றார் இளையதம்பி. “ஆனால் குமர்ப்பிள்ளையை யாழ்ப்பாணம் விட்டுட்டு எனக்கு இஞ்சை நித்திரை வராது. அது தூரம். தை பிறக்கட்டும் பாப்பம். வகுப்பு இல்லையெண்டால் விசுவமடுப் பக்கம் ஒரு சம்பந்தம் வந்து நிக்கிது.”

மாஸ்ரர் அவரைக் குறை நினைக்கவில்லை. அவருக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அன்று திரும்பி வரும் வழியில், இந்தப் பிள்ளையின் படிப்பு ஒரு கண்ணாடிக் குழாயிலும் கொஞ்ச இரசத்திலும் தொங்குகிறதே என்ற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள் அவர் ஒருவரோடும் சிரித்துக் கதைக்காததை நாங்கள் எல்லோரும் கண்டோம்.

வித்தியாதரிசி வரும் நாள் நவராத்திரி முடிந்த கையோடு குறிக்கப்பட்டது. நவராத்திரி என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் விமலேஸ்வரி ரீச்சரின் இராச்சியம். சங்கீதம் படிப்பிப்பவர்; சரஸ்வதி பூசைக்குப் பொறுப்பானவர். வீணை, புத்தகங்கள், தையல் ஊசிப்பெட்டி, தச்சுவேலை உளி என்று கல்விக்கு உதவுகிற எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்துப் படியில் அடுக்குவார். கலந்தர் மாஸ்ரர் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வாழைக்குலையை அனுப்பி, அலுமாரித் திறப்பையும் தாமே கொண்டுபோய் ரீச்சரின் கையில் கொடுப்பார். அந்த ஆண்டும் கொடுத்தார். போயிலின் கருவி வீணைக்குப் பக்கத்தில் பொட்டு வைத்துக்கொண்டு மூன்று நாள் கொலுவிருந்தது.

விஜயதசமி கழிந்து கருவி திரும்பி வந்தது. மாஸ்ரர் பொட்டைத் துடைத்தார், இறப்பரைப் பூட்டினார், இரசத்தை ஊற்றினார். நாளைக்கு வித்தியாதரிசி என்ற நிலையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெகதீஸ்வரியை ஒருமுறை முழுதாகச் செய்து பார்க்கச் சொன்னார். வெளியே மாரி மழையின் முதல் தூறல்.

பிள்ளை வாசித்து வாசித்துப் பெருக்கினாள். திறந்த குழாயை உயர்த்த உயர்த்தப் பெருக்கம் குறைந்துகொண்டே போனது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஆனால் ஒருமுறைகூடக் கூடவில்லை. மாஸ்ரர் வாசிப்பைத் தாமே எடுத்துப் பார்த்தார். அதே கதை.

“கசியுதோ, சேர்?” என்று பக்கத்தில் நின்ற ஒருவன் கேட்டான்.

“கசிஞ்சால் திரும்பி வராதே,” என்றாள் ஜெகதீஸ்வரி. சொல்லிவிட்டுத் திறந்த குழாயைப் படிப்படியாகக் கீழே இறக்கினாள். குறைந்த பெருக்கம் அதே படிகளில் ஏறி, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. வளி எங்கேயும் போகவில்லை.

கண்மட்டம் பிசகவில்லை, அதைச் சரிபார்க்க அளவுகோலின் பக்கத்தில் முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் சூடு ஆறும்வரை பொறுத்துத்தான் வாசித்தார்கள். தூறலில் வெப்பமானியும் அசையாமல் நின்றது. ஒரே பக்கமாக இழுக்கிற வழு. சொந்தக்காரன் யார்?

மாஸ்ரர் வெள்ளைக் கடதாசி ஒன்றைக் குழாயின் பின்னால் பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கிட்டக் கொண்டுபோனார். மூடிய முனையின் உட்பக்கத்தில் பனி பிடித்தது போல ஒரு மங்கல். அந்த மங்கலின் ஓரத்தில் இலேசான மஞ்சள். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியும் நிச்சயம் பண்ணாமல் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சங்கீத அறைக்குப் போனார்.

“ரீச்சர், பூசைக்கு வைக்கேக்கை அந்தக் கண்ணாடிக் குழாயைக் கழுவினியளோ?”

“ஓம் மாஸ்ரர்,” என்றார் விமலேஸ்வரி ரீச்சர், முகமெல்லாம் மலர. “உள்ளுக்கும் மஞ்சள் தண்ணி விட்டு நல்லாய்க் குலுக்கிக் கழுவினனான். மற்றச் சாமானுகளை விட உங்கடைதான் பளிச்செண்டு இருந்தது. சனமெல்லாம் அதைத்தான் கேட்டது.”

 “வடிவாய்த்தான் கழுவியிருக்கிறியள்,” என்று சொல்லிவிட்டு மாஸ்ரர் வந்துவிட்டார். அது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல என்பது அவருக்கு உறுத்தியது. ஒருமுனை மூடிய குழாய். உள்ளே பிடித்த ஈரம் இலேசில் காயாது. அந்த ஈரத்தின் நீராவி, வளியோடு சேர்ந்து அடைபட்டு, தானும் ஒரு அமுக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வளியை நெருக்கினால் அது போயிலுக்குக் கட்டுப்படும். நீராவியை நெருக்கினால் அது மேலும் அமுங்காமல், கொஞ்சம் நீராக மாறிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பெருக்கம் படிப்படியாகக் குறைந்தது அதனால்தான்.

அதிபர் அலுவலகத்தில் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்குக் காற்றைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

“காயவைக்க ஏலாதோ, மாஸ்ரர்?”

“ஒரே ஒரு குழாய் ஐயா. நெருப்பிலை காட்டி வெடிச்சால் நாளைக்குக் காட்ட ஒண்டும் இல்லை. இந்த ஈரக்காத்திலை விடியிறதுக்குள்ளை தானாய்க் காயாது.”

“அப்ப ஒண்டு சொல்லுறன், கோவியாதேங்கோ.” அதிபர் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பிள்ளை சரியான கணக்கை எழுதட்டும். முந்தி எடுத்த நல்ல வாசிப்புகள் கிடக்குத்தானே? வித்தியாதரிசி ஒவ்வொரு வாசிப்பையும் குனிஞ்சு பாக்கப்போறாரோ? அந்தப் பிள்ளையின்ரை படிப்பு, மாஸ்ரர். யோசியுங்கோ.”

கலந்தர் மாஸ்ரர் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது இந்த மடலின் வழுவில் சேர்ந்துவிடும். அவர் யோசித்தார். யன்னலால் மழையைப் பார்த்தபடி நன்றாகவே யோசித்தார். எழுதச் சொல்லி ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளை மறுக்க மாட்டாள், ஊருக்கும் தெரிய வராது. இளையதம்பியின் படலையும், விசுவமடுச் சம்பந்தமும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். 

“ஐயா, பொய்க் கணக்கு எழுதி இந்த வகுப்பு வந்தால், வாறவருசம் அதே வகுப்பிலை நான் என்னத்தைப் படிப்பிக்கிறது?” என்றார் கடைசியில். “ஈரம் கிடக்குதெண்டு தெரிஞ்சுபோச்சு. இனி அதைக் கழிச்சுப் பாக்கலாம், எப்பிடியெண்டு பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிறன். பிள்ளை உள்ளதையே செய்யட்டும்.”

“எப்பிடி ஈரமானது? ஆர் கழுவினது?”

“பாக்காமல் இரசம் விட்டது நான்,” என்றார் மாஸ்ரர். அதற்குமேல் அதிபர் எவ்வளவு கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. தான் ஒரு சொல் சொன்னால், கலந்தர் பூசையைக் குறை சொன்னார் என்று சந்தியில் நாலுபேர் கதை கட்டுவார்கள் என்பது மட்டும் காரணமல்ல. விமலேஸ்வரி ரீச்சரின் அந்த மலர்ந்த முகத்தை வாடப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் வித்தியாதரிசி பரமலிங்கம் அவர்கள் மாங்குளத்தில் ரயிலால் இறங்கி, வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். சிரிப்பைக் காசு கொடுத்து வாங்கினாலும் கிடைக்காத மனிதர் என்று பெயர். வரவேற்பு, மாலை ஒன்றும் வேண்டாமென்று கையால் தள்ளிவிட்டு நேரே விஞ்ஞானகூடத்துக்கு வந்து, ஜெகதீஸ்வரியின் தோளுக்குப் பின்னால் நின்றார். அதிபர் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஒவ்வொரு வாசிப்பையும் குனிந்துதான் பார்த்தார்.

பெருக்கம் நேற்றைப் போலவே இறங்கியது. அதிபர் சால்வையால் நெற்றியைத் துடைத்தார். வாசலில் தேநீர்த் தட்டோடு விமலேஸ்வரி ரீச்சர் வந்து நின்றார்.

“உம்முடைய பெருக்கம் குறையுது, பிள்ளை,” என்றார் வித்தியாதரிசி.

“ஓம் ஐயா.”

“போயிலின் விதி பிழையோ?”

“இல்லை ஐயா. குழாய்க்குள்ளை ஈரம் கிடக்கு. உள்ளுக்கு நிக்கிறது தனி வளியில்லை, நீராவியும் சேர்ந்து நிக்கிது.”

“உமக்குச் சரியாய் வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாமே?”

ஜெகதீஸ்வரி வாசிப்புகள் எழுதிய கொப்பியை அவர் பக்கம் திருப்பினாள். மாஸ்ரர் சுவரோடு நின்று தம் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பது எத்தனை பாடு என்பதை அன்று அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அறிவார்கள்.

“வாசிக்கத் தெரியாட்டில் கூடியும் வரும், குறைஞ்சும் வரும் ஐயா. இது ஒரே பக்கம்தான் போகுது. இறக்கினால் வந்த வழியாலேயே திரும்பி வருது. அப்ப கசிவும் இல்லை.” பிள்ளை வெப்பமானியைப் பார்த்தாள், அந்த வெப்பநிலைக்குரிய நீராவி அமுக்கத்தை அட்டவணையில் எடுத்தாள், ஒவ்வொரு அமுக்கத்திலிருந்தும் அதைக் கழித்துவிட்டுத் திரும்பவும் பெருக்கினாள். இறங்கிக்கொண்டிருந்த எண்கள் ஒன்றோடொன்று பக்கத்தில் வந்து நின்றன. முழுக்க ஒன்றாகவல்ல. அங்கே கொஞ்சம் கூட, இங்கே கொஞ்சம் குறைய. மனிதர் அளந்தால் வருகிற அளவுக்கு.

வித்தியாதரிசி பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தார். “ஈரம் எப்பிடி வந்தது?”

ஜெகதீஸ்வரி மாஸ்ரரைப் பார்த்தாள்.

“காயவைக்காமல் பாவிச்சது நான் ஐயா,” என்றார் மாஸ்ரர். “பாக்கவேண்டியது என்ரை பொறுப்பு.”

வாசலில் தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. விமலேஸ்வரி ரீச்சர் தட்டை யன்னல் விளிம்பில் வைத்தார்.

“இதுக்கோ மாஸ்ரர் நேற்று வந்து கேட்டனீங்கள்?” என்றார். பிறகு வித்தியாதரிசியின் பக்கம் திரும்பி, “கழுவினது நான் ஐயா. சரஸ்வதி பூசைக்கு மஞ்சள் தண்ணி விட்டுக் கழுவினனான். இவருக்கு நேற்றே தெரியும். வடிவாய்க் கழுவியிருக்கிறியள் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்,” என்றார். குரல் உடைந்து, கண் கலங்கியது.

 அந்த அறையில் நின்ற எங்களில் பலருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வித்தியாதரிசி எழுந்தார். கோட்டைக் கழற்றி வாங்கில் போட்டார். திறந்த குழாயைத் தாமே பிடித்து உயர்த்தி, சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, குனிந்து வாசித்தார். நீராவியைக் கழித்துப் பெருக்கினார். பிள்ளையின் விடைக்குப் பக்கத்தில் அவருடைய விடையும் வந்து நின்றது.

“நான் போற பள்ளிக்கூடம் ஒண்டிலையும் போயிலின் விதி பிழைக்கிறதேயில்லை,” என்றார், ஒருவரையும் குறிப்பாகப் பார்க்காமல். “எல்லாப் பிள்ளைக்கும் கடைசித் தசம தானம் வரைக்கும் சரியாய் வரும். எனக்கு அது எப்பவும் விளங்கிறேல்லை.” கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, ஒரு முடிவும் சொல்லாமல் காரில் ஏறிவிட்டார்.

பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே சாக்கைத் தலையில் போட்டபடி இளையதம்பி நின்றார். வயலில் இருந்து நேரே வந்திருந்தார். “என்ன மாஸ்ரர், கணக்குப் பிழைச்சுப் போச்சாமே?”

“பிழைச்சதுதான். ஏன் பிழைச்சதெண்டு உங்கடை மகள் சொன்னவ.”

“பிழைச்சதுக்குக் காரணம் சொன்னால் விடுவினமோ?”

“தெரியாது,” என்றார் மாஸ்ரர். அவருக்கு உண்மையாகவே தெரியாது.

தெரிய வெகுநாள் ஆனது. ஐப்பசி போனது, கார்த்திகை போனது. வயல் பச்சைபிடித்தது. விசுவமடுக்காரர் ஒருமுறை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். விமலேஸ்வரி ரீச்சர் தாமே போய் இளையதம்பியின் மனைவியோடு கதைத்து, தை மட்டும் பொறுக்கச் சொன்னார். மாஸ்ரர் தபாற்காரனைக் கண்டால் எழுந்து நிற்கப் பழகிவிட்டார். அதிபருக்கும் அவருக்கும் இடையில் கதை குறைந்திருந்தது. மார்கழிக் கடைசியில், பள்ளிக்கூடம் விடுமுறையில் கிடந்தபோது, அனுமதி வந்தது. தற்காலிகமாக, ஓர் ஆண்டுக்கு மட்டும். அதிபர் தில்லைநாதன் மழைக்குள்ளே குடையை மறந்துவிட்டு மாஸ்ரரின் வீட்டுக்கு ஓடினார். அங்கே இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அழுதார்கள் என்று மாஸ்ரரின் துணைவியார் ஸுஹறா அவர்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார். மாஸ்ரர் இதை இன்றுவரை மறுக்கிறார். இரு பக்கத்தையும் பதிந்துவிட்டோம்.

ஆண்டுக்காண்டு நீண்ட அனுமதியிலிருந்து தற்காலிகம் என்ற சொல் மூன்றாம் ஆண்டில் உதிர்ந்தது. அதற்குள் ஜெகதீஸ்வரி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள். மாங்குளம் ரயில் மேடையில் ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக இளையதம்பி நின்றபோது மாஸ்ரரும் வழியனுப்பப் போயிருந்தார்.

“பேராதனை யாழ்ப்பாணத்திலும் தூரமோ, மாஸ்ரர்?”

“தூரம்தான்.”

“கனக்கவோ?”

“கனக்கத்தான்.”

இளையதம்பி பாயைக் கக்கத்தில் இடுக்கினார். “அப்ப நான் இண்டைக்கு ஒருக்கால் கூடப்போய்ப் பாத்திட்டு வாறன்,” என்று சொல்லி, தாமும் ஏறிவிட்டார். பயணச்சீட்டுக்கூட எடுக்கவில்லை, அதை மாஸ்ரர்தான் ஓடிப்போய் எடுத்து யன்னலால் கொடுத்தார்.

ஐயா, இனி உங்களோடு நேரே பேச அனுமதி தாருங்கள். எங்களுள் எவரும் தவறிழைத்தபோது தலைகுனிய விடாது, தவற்றுக்கு விளக்கம் தேடித் தந்த தகைமையாளர் நீங்கள். பதவியிற் பெரியோர் முன்னும் பணிந்து பேசி, பொய்யின் முன் மட்டும் பணியாது நின்ற பண்பாளர் நீங்கள். உங்கள் குணத்துக்கு ஈடு நாங்கள் தர முடியாது; எங்கள் நன்றிக்கு அளவும் சொல்ல முடியாது. உடல் நலமும் உள நிறைவும் ஓங்கப் பெற்று, ஸுஹறா அம்மையாரோடும் பிள்ளைகளோடும் முல்லைத்தீவுக் கடற்காற்றை அளக்காமல், சும்மா சுவாசித்து, நூறாண்டுக்கு மேலும் நீங்கள் வாழ வேண்டுமென்று, நாங்கள் வணங்கும் வெவ்வேறு பெயர்களின் முன்னெல்லாம் வேண்டி நிற்கிறோம்.

இன்றைய கணக்கையும் உள்ளபடி சொல்லிவிடுகிறோம். இந்த ஆண்டு எங்கள் புகுமுக விஞ்ஞான வகுப்பில் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகள் கூட. அவர்களில் ஒருத்தி இளையதம்பியின் கடைக்குட்டி. காலையில் வீட்டில் பழஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, வாய்க்கால் கரையால் நடந்து வந்து பௌதிகம் படிக்கிறார்கள். பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி நடக்கிறார்கள். அவர்களுடைய தகப்பன்மார் நன்றாக நித்திரை கொள்கிறார்கள்.

இங்ஙனம்,
உங்களோடு பணிசெய்யக் கிடைத்ததை வாழ்வின் பேறாக எண்ணும்
ஆசிரியர் குழாத்தினர்,
ஆலடிவெட்டை மகா வித்தியாலயம்.
1969